ப்ளூகிராஸா, ஓல்ட்-டைமா?

அமெரிக்க நாட்டுப்புற இசையில் இரண்டு பாணிகள் இவை. இரண்டிலும் பிடில் (வயலின்தான்) உண்டு, தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்துமான ஐந்து கம்பி பாஞ்சோ உண்டு, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைவாசனையும் உண்டு. காதால் மட்டும் கேட்டபோது எனக்கு வித்தியாசமே பிடிபடவில்லை. பாஞ்சோக்காரரின் வலது கையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

ஓல்ட்-டைமில் விரல் நகம் கம்பியை மேலிருந்து கீழாகத் தட்டும். கட்டைவிரல் இடையிடையே குட்டையான ஐந்தாம் கம்பியைச் சுண்டும். கிளாஹாமர் என்பார்கள். ப்ளூகிராஸில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் பிக் (கம்பியை மீட்டும் செயற்கை நகம்) மாட்டிக்கொண்டு, சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் சுரங்களைக் கொட்டுவார்கள். 1945 கடைசியில் பாஞ்சோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகு ஊரெல்லாம் பரவிய பாணி இது.

ஓல்ட்-டைம் ஆடுவதற்கான இசை. ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து, சலிக்காமல், திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ப்ளூகிராஸ் மேடைச் சரக்கு: ஒருவர் மாற்றி ஒருவர் மைக் முன்னால் வந்து கைவரிசை காட்டிவிட்டு விலகுவார்கள். உச்சஸ்தாயிக் குரல் வேறு!

ஐரிஷ் ரீல்களையும் (வேகமான ஆட்ட மெட்டுகள்) கலக்கும் குழுக்களுக்கு ஓல்ட்-டைம் பக்கம்தான் சுலபம் என்பேன். ஐரிஷ்காரர்களும் கூடி உட்கார்ந்து ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள். (அவர்கள் பாஞ்சோவுக்குப் பெரும்பாலும் நாலே கம்பி, அது தனிக் கதை.)

கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு ஓல்ட்-டைம். தப்பு விட்டாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். ப்ளூகிராஸில் உங்கள் முறை வந்துவிட்டால் ஒளிய இடமில்லை. கேட்க மட்டும் என்றால், எனக்கு ப்ளூகிராஸ்தான்.