விமானத் தூரம்: எந்தக் கணக்கை நம்புவது?

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று தேடினால் மூன்று இடத்தில் மூன்று எண் வரும், மூன்றும் சரியாகவே இருக்கலாம். லண்டன் ஹீத்ரோ, நியூயார்க் ஜேஎஃப்கே இரண்டையும் வைத்தே பார்த்துவிடலாம்.

பள்ளியில் படித்த பிதாகரஸை அட்சரேகை, தீர்க்கரேகை வித்தியாசங்களின் மேல் நேராகப் போட்டு, ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 8,200-க்கு மேல் வருகிறது. சுத்தமாகத் தப்பு. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், அதைச் சேர்த்துத் திருத்தினாலும் 5,780 பக்கம்தான் நிற்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குச் சரி, கடல் தாண்டுவதற்கு இது வேண்டாம்.

ஹேவர்சைன் சூத்திரம்தான் பெரும்பாலானவர்களுக்குப் போதும். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக எடுத்துக்கொண்டு பெருவட்டத் தூரத்தை, அதாவது அந்த உருண்டையின் மேற்பரப்பிலேயே போகும் மிகக் குறுகிய வழியைத் தரும். எக்செல்லில் ஒரே வரியில் எழுதிவிடலாம், விடை 5,540. டிகிரியை ரேடியனாக (கோணத்தின் இன்னொரு அலகு) மாற்ற மறந்தால் தப்பான எண் வரும். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறப்பது இன்னும் ஆபத்து: லண்டன் பூஜ்ய ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நியூயார்க்கின் மைனஸை விட்டுவிட்டாலும் 5,600 என்று நம்பும்படியான விடையே வந்து நிற்கும், ஆனால் அதே தாளில் டோக்கியோவைப் போட்டால் எல்லாம் கந்தல்.

பூமி உண்மையில் துருவங்களில் கொஞ்சம் அமுங்கியது. அதைக் கணக்கில் சேர்க்கும் வின்சென்டி முறை (1975) இதே பாதைக்கு ஏறக்குறைய 5,555 தரும். வெறும் 15 கி.மீ. வித்தியாசத்துக்கு இவ்வளவு கணக்கா என்றால், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவருக்குத் தேவையே இல்லை. நிரல் எழுதுகிறவர்கள் கார்னியின் முறையை (2013) எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பூமியின் நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இடங்களுக்கு வின்சென்டி விடைக்கே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

கணக்கே வேண்டாமென்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளைத் தட்டினால் போதும். மைலா, கடல் மைலா, கிலோமீட்டரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மேலே சொன்ன 5,555 கி.மீ. சுமார் 3,450 மைல், கடல் மைலில் 3,000. அலகு போடாமல் எண்ணை மட்டும் சுற்றில் விடுகிறவர்களால்தான் பாதிக் குழப்பம்.

பயண நேரத்தை வேகத்தால் பெருக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஜெட் காற்றால் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகமான காற்று) இந்தப் பாதையில் மேற்கே போகும்போது ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பும்போது ஏழுக்கும் குறைவு. அட்டவணை நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சேர்ந்திருக்கும்.

சரி, விமானம் நிஜமாகப் பறந்த தூரம்? அதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது, ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் பதிவான பாதையைத்தான் பார்க்க வேண்டும். ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்டம் ரஷ்யா மேலேதான் போகிறது; 2022-இல் அந்த வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும் ஒன்பது மணி நேரச் சொச்சப் பயணம் பதின்மூன்றுக்குப் போனது, ஹேவர்சைன் மட்டும் இன்றும் அதே பழைய 7,800 கி.மீ.யைத்தான் சொல்கிறது.