டிவி ஆன் ஆகவில்லையா? மீட்டர் வைக்காமல் ‘போர்டு போச்சு’ என்றால் நம்பாதீர்கள்

43 இன்ச் எல்இடி டிவி. இரவு நன்றாக ஓடியது, காலையில் ஆன் ஆகவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. ரிமோட்டை அழுத்தினால் ஒருமுறை மினுக்கிவிட்டு மறுபடி சிவப்புக்கே திரும்பிவிடுகிறது. வந்த மெக்கானிக் பின்மூடியைக் கழற்றினார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில்கூட எடுக்காமல் “போர்டு போச்சு, மாத்தித்தான் ஆகணும்” என்றார். மின்சாரம் தரும் பவர் போர்டு, படத்தையும் சத்தத்தையும் கையாளும் மெயின் போர்டு இரண்டையும் எடுத்துவிட்டு, பல கம்பெனி டிவிக்கும் பொதுவான ஒரே யுனிவர்சல் போர்டை மாட்டினார். பழையவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூடி திறந்திருந்தபோது வீட்டுக்காரர் செல்போனில் எடுத்த படம் மட்டும் மிச்சம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்கு ஒயர் போகும் இடத்தருகே இரண்டு கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கித் தரும் சிறு உருளைகள்) தலை உப்பியிருப்பது பளிச்சென்று தெரிகிறது. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். உப்பியது லோடைத் தாங்காது. டிவி எழப் பார்க்கும்போதே மெயின் போர்டுக்குப் போகும் 12 வோல்ட் சரிந்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்தும் டிவி வராமல் போவதற்கு அடிக்கடி பார்க்கும் காரணம் இதுதான். அதே மைக்ரோஃபேரட் (கொள்ளளவு), அதே வோல்ட் அல்லது ஒரு படி கூடுதல், 105 டிகிரி சூடு தாங்கும், லோ ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) வகை போட வேண்டும். 1000 மைக்ரோஃபேரட் 16 வோல்ட் இருந்த இடத்தில், இடம் இருந்தால் 25 வோல்ட் தாராளமாகப் போடலாம். சாதாரண சாலிடரிங் வேலை. இதற்காக இரண்டு போர்டையும் இழக்க வேண்டியதே இல்லை.

எந்த போர்டில் கோளாறு என்று மீட்டர் சொல்லிவிடும். பெரும்பாலான செட்டுகளில் பிளக் போட்டதும் 5 அல்லது 3.3 வோல்ட் ஸ்டேண்ட்பை (டிவி ஆன் ஆகும் முன்பே இருக்கும் சப்ளை) வர வேண்டும். ரிமோட்டை அழுத்தியதும் மெயின் போர்டு ‘பிஎஸ் ஆன்’ லைனை (பவர் போர்டை எழுப்பும் சிக்னல்) ஏறக்குறைய 3 வோல்ட்டுக்கு ஏற்றும். உடனே 12 வோல்ட் வர வேண்டும். பிஎஸ் ஆன் ஏறியும் 12 வோல்ட் வராவிட்டால் முதல் சந்தேகம் பவர் போர்டின் மேல். ஸ்டேண்ட்பை சரியாக இருந்தும் பிஎஸ் ஆன் ஏறவில்லை என்றால் மெயின் போர்டைப் பார்க்க வேண்டும். சில செட்டுகளில் 12 வோல்ட் எப்போதும் இருக்கும், அங்கே சோதனை முறை வேறு. ஆனால் எந்த அளவும் எடுக்காமல் போர்டின் பெயரைச் சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார்.

அந்த டிவிக்கு அடுத்து நடந்தது இன்னும் மோசம். பழைய ரிமோட் வேலை செய்யவில்லை, முன்பிருந்த ஆப்கள் இல்லை, நிறமும் மாறிவிட்டது. சில மாதங்களில் சத்தம் மட்டும் வந்தது, திரை இருட்டு. அதே ஆள் “பேனல் போச்சு, புது டிவி வாங்கிடுங்க” என்றார். இருட்டறையில் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்தபோது படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பேனல் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் அணைந்திருக்கிறது. யுனிவர்சல் போர்டு மாட்டும்போது பேக்லைட் கரண்ட்டை அந்த எல்இடி ஸ்ட்ரிப்புக்கு (பேக்லைட் விளக்குப் பட்டை) ஏற்றபடி குறைத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் திரை பளபளவென்று இருக்கும், சூட்டில் எல்இடிகள் சீக்கிரம் போய்விடும். தொடராக இணைத்திருப்பதால் ஒன்று அறுந்தாலே வரிசை முழுக்க அணையும். அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதும் அரைகுறை வேலைதான். அதே சூட்டில் வெந்த மற்றவையும் பின்னாலேயே போகும். ஸ்ட்ரிப் செட்டையே மாற்றி, கரண்ட்டையும் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை சில. பிளக் பாயிண்டில் வேறு பொருளைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன், ஸ்டெபிலைசர் இல்லாமல் நேரே சுவரில் மாட்டுங்கள். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி எல்லாவற்றையும் பிடுங்குங்கள். கெட்டுப்போன ஒரு பென் டிரைவே டிவியை எழவிடாமல் தடுக்கும். பிளக்கை எடுத்துவிட்டு டிவியில் உள்ள பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் விட்டு மறுபடி பிளக் போட்டு, ரிமோட்டைத் தொடாமல் டிவியின் பட்டனாலேயே ஆன் செய்யுங்கள். அதில் வந்துவிட்டால் ரிமோட்டைச் செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். நுனியில் ஒளி தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பல கம்பெனி செட்டுகளில் அந்த எண்ணிக்கைதான் கோளாறின் குறியீடு.

விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸ் கண்ணாடி உள்ளே கருகியிருந்தால் அதற்கு அப்பால் ஷார்ட் இருக்கிறது: பவர் போர்டில் உள்ள வேரிஸ்டர், பிரிட்ஜ் டயோடு, மாஸ்ஃபெட் என்ற மூன்று பாகங்களையும் அளக்க வேண்டும். அளக்காமல் ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள், தீப்பிடிக்கும். நீங்களாக மூடியைத் திறந்து கைவைக்கவும் வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மெக்கானிக் திறந்ததும் போர்டுகளை ஸ்டிக்கர் எண் தெரியும்படி படம் எடுங்கள். என்ன வோல்ட் வந்தது, எது வரவில்லை என்று கேளுங்கள். மாற்றப் போவது ஒரிஜினலா, யுனிவர்சலா என்று முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய போர்டு உங்களுடையது, விடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். அது கையில் இருந்தால் வேறொருவரால் சரிசெய்து திரும்ப மாட்ட முடியும்.