தாளில் ஒன்று, வாயில் ஒன்று

1845-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் பிராங்க்ளின் தலைமையில் ஆர்க்டிக் போன இரண்டு கப்பல்களும் 129 பேரும் திரும்பவில்லை. என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள்: மாலுமிகள் எழுதிவைத்த தாள், அந்தப் பனிப்பிரதேசத்துப் பூர்வகுடிகளான இனுயிட் பெரியவர்கள் சொல்லிவந்த கதை.

தாள் 1859-இல் கனடாவின் வடக்கே கிங் வில்லியம் தீவில் கற்குவியலில் கிடைத்தது. அச்சடித்த படிவம்; ஓரங்களில் நுணுக்கி எழுதியிருக்கிறார்கள். 1847 ஜூன் 11-இல் பிராங்க்ளின் இறந்தார், மறு ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்டோம் என்கிறது. தேதி, இடம் எல்லாம் உண்டு. ஆனால் முதல் குளிர்காலத்தின் ஆண்டையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள்! அதற்குப் பிறகு என்ன ஆனது? மூச்சில்லை.

அந்த மிச்சம்தான் இனுயிட் வாயில் இருந்தது. ஆழமில்லாத கடலில் ஒரு கப்பல் மூழ்கியது, பாய்மரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்றார்கள். பசியில் மாலுமிகள் செத்தவர்களைத் தின்றதையும் சொன்னார்கள். 1854-இல் ஜான் ரே என்ற பயண ஆய்வாளர் இதை லண்டனுக்குக் கொண்டுபோனபோது, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வரை கொதித்துப்போய் இனுயிட்டுகளையே பழித்தார். 1990களில் எலும்புகளில் கத்தித் தடங்கள் தெரிந்தன.

சரி, வாய்மொழியில் குறையே இல்லையா? உண்டு. ஆண்டுக்கணக்கு கிடையாது, வேறு பயணக் கப்பல்களின் நினைவும் கலந்துவிடும். ஆனாலும் கப்பலைத் தேட நான் நம்புவது பெரியவர்களைத்தான். 2014-இல் அந்த இரண்டு கப்பல்களில் ஒன்றான எரெபஸ் கிடைத்தது, அவர்கள் கைகாட்டிய தெற்குப் பக்கத்துக் கடலில்.