ரோமானியத் தனியார் சட்டமும் இன்றைய சட்டங்களும்: ஓர் இணையவழிப் பாடத்தொடர் பற்றிய மதிப்பீடு

பண்டைய ரோமானியத் தனியார் சட்டத்தை இன்றைய பிரெஞ்சு, ஜெர்மானிய, ஆங்கிலச் சட்டங்களோடு ஒப்பிட்டுக் கற்பிக்கும் இணையவழிப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் முழுமையாகக் கேட்டேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் வகுத்த ஆட்கள், பொருள்கள், வழக்குகள் என்னும் முப்பிரிவையே ஆசிரியர் பாட வரிசையாகக் கொண்டிருக்கிறார். அவற்றுள் ஒப்பந்தத்தாலும் பிறருக்கு இழைத்த தீங்காலும் எழும் கடப்பாடுகளையும் உள்ளடக்கிய பொருள்கள் பகுதி மட்டுமே ஒப்பீடு என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையது.

விற்கப்பட்ட குதிரை ஒன்று, கையளிக்கப்படும் முன்பே விற்றவரின் தவறு ஏதுமின்றி இறந்துவிட்டால் நட்டம் யாருடையது என்ற கேள்வியோடு அப்பகுதி தொடங்குகிறது. ரோமில் விற்பனை ஒப்பந்தம் வெறும் உடன்பாட்டாலேயே நிறைவுறும். உரிமை மாறுவதற்குக் கையளிப்போ, குதிரை, அடிமை போன்றவற்றுக்கு ஐந்து சாட்சிகளும் தராசு பிடிப்பவரும் முன்னிற்கும் மான்சிபாசியோ சடங்கோ வேண்டும். ஆயினும் இன்னும் உரிமையாளராகாத வாங்குபவரே விலையைக் கொடுத்தாக வேண்டும் என்றது ரோமானியச் சட்டம். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தொகுப்பும் நட்டத்தை அவர் மீதே சுமத்துகிறது. ஆனால் அங்கே உடன்பாட்டினாலேயே உரிமை மாறிவிடுவதால், அவர் தம் சொந்தக் குதிரையை இழந்தவராகிறார். 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியத் தொகுப்போ, கையளிப்பு வரை நட்டத்தை விற்றவரிடமே விடுகிறது. விடை ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கியவர் எவரையும் நான் கேட்டதில்லை.

பிறர் உடைமைக்குத் தவறாக விளைவித்த சேதத்துக்கு இழப்பீடு பெற வழிசெய்த ரோமானிய அக்விலியச் சட்டம் பற்றிய பாடமும் சிறப்பானது. பந்து விளையாடும் இடத்தருகே நாவிதர் ஓர் அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்க, விசையாக அடிக்கப்பட்ட பந்து கையில் பட்டுக் கத்தி கழுத்தை அறுத்துவிட்ட வழக்கை, ரோமானியச் சட்ட அறிஞர்களின் எழுத்துகளைத் திரட்டிய 533ஆம் ஆண்டின் டைஜெஸ்ட் தொகுப்பிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்ட நாவிதரிடம் கழுத்தை நீட்டியவர் தம்மைத்தாமே நொந்துகொள்ள வேண்டும் என்ற சட்ட அறிஞர் உல்பியனின் கருத்தை, பாதிக்கப்பட்டவரின் பங்குக்கேற்ப இழப்பீட்டைக் குறைக்கும் 1945ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தோடு பொருத்திக் காட்டுகிறார்.

வழக்குகள் பகுதிதான் பெருங்குறை. பிரேட்டர் என்னும் நீதித்துறை அதிகாரி, தீர்க்க வேண்டிய கேள்வியை வரையறுத்து வழங்கிய வாய்பாட்டின்படி, தனிக்குடிமகன் ஒருவரே நீதிபதியாக அமர்ந்து, பணத்தொகையாக மட்டுமே தீர்ப்பளிக்கும் முறை செவ்வியல் காலத்தில் நிலவியது. ஆகவே விற்றவர் பொருளைத் தர மறுத்தால், அப்பொருளையே தரும்படி வாங்கியவர் அங்கே தீர்ப்புப் பெற முடியாது. இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டு, ரோமிலும் ஜெர்மனியிலும் வாங்குபவரின் உரிமை ஒன்றே என்று ஆசிரியர் கூறுவது மாணவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஆட்கள் பகுதியும் அவசரமானதே. பேரக்குழந்தைகளைப் பெற்றுத் தந்த மகனும், தந்தை உயிரோடிருக்கும் வரை பொதுவாகச் சொந்தமாகச் சொத்து வைத்திருக்க முடியாத ரோமானியக் குடும்ப அமைப்புக்கு இன்னும் சற்று நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

ரோமானியச் சட்டமும் டச்சு வழக்கங்களும் கலந்து உருவான ரோம-டச்சுச் சட்டம் வழியாக அக்விலிய வழக்கு இன்றும் உயிரோடிருக்கும் தென்னாப்பிரிக்காவையும் இலங்கையையும் பாடத்தொடர் தொடவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஒலிப்பதிவு தெளிவானது, லத்தீன் சொற்கள் திரையிலும் காட்டப்படுகின்றன. ஒப்பந்தச் சட்டத்தையும் சொத்துச் சட்டத்தையும் ஏற்கெனவே ஓரளவு படித்தவர்கள் நடுப்பகுதிக்காக மட்டுமே இதில் சேரலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் ரோமானிய வழக்கு நடைமுறையை வேறிடத்தில் கற்ற பின் வருவது நல்லது.