அபோகாலிப்ஸா, ரெவலேஷனா?

பைபிளின் கடைசிப் புத்தகம் ஒன்றுதான், ஆங்கிலத்தில் பெயர் இரண்டு. லத்தீன் பைபிள் கிரேக்கச் சொல்லை மொழிபெயர்க்காமல் 'அபோகாலிப்சிஸ்' என்றே வைத்துக்கொண்டது, 1582இல் வந்த கத்தோலிக்க ஆங்கிலப் புதிய ஏற்பாடும் அதே வழியில் அபோகாலிப்ஸ் என்றது. 1611இல் வந்த புராட்டஸ்டன்ட் ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளில் அது ரெவலேஷன்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் பொருள் ஒன்றே. கிரேக்கத்தில் 'அபோ' என்றால் விலக்கி, 'கலிப்டோ' என்றால் மூடுகிறேன், ஆக மூடியதைத் திறப்பது. ரெவலேஷனும் லத்தீன் 'வேலும்', அதாவது திரை, அதை விலக்குவதுதான். (நீலகிரித் தைலமரம் இருக்கிறதே, யூகலிப்டஸ், அதிலும் இதே 'கலிப்டோ'தான், மொட்டைப் பாருங்கள், மேலே குட்டி மூடி ஒன்று இருக்கும், பூக்கும்போது கழன்று விழும்.)

அப்புறம் பாதை பிரிந்தது. புத்தகத்துக்குள் இருக்கும் கொள்ளைநோய், பஞ்சம், நெருப்பு எல்லாம் அர்த்தம் புரியாத கிரேக்கச் சொல்லின் மேல் ஒட்டிக்கொண்டன, இன்று அபோகாலிப்ஸ் என்றாலே உலக அழிவு, ஜோம்பி படம். ரெவலேஷனில் 'ரிவீல்' அப்படியே காதில் விழுவதால் அது தப்பித்துவிட்டது.

தமிழ் இதில் ரெவலேஷன் பக்கம்: புராட்டஸ்டன்ட் பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம், கத்தோலிக்கருக்குத் திருவெளிப்பாடு. எனக்குப் பின்னதுதான் பிடிக்கும், முன்னது சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.