ஹம்மிங்பேர்ட் குடுவையும் குலசேகரம் வவ்வாலும்: ஒரு விமர்சனம்

பறவைகளுக்குச் சீனித்தண்ணீர் வைக்க மகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பிய தேன்குடுவை இது. கவிழ்த்து மாட்டும் கண்ணாடி பாட்டில், அடியில் சிவப்பு பிளாஸ்டிக் தட்டு, தட்டில் மஞ்சள் பூ மாதிரி சின்னச் சின்னத் துளைகள். 'இந்தியத் தோட்டங்களுக்கு ஏற்றது' என்று விற்றவர் போட்டிருந்தார். பெட்டியில் இருப்பதோ செங்கழுத்து ஹம்மிங்பேர்ட் என்ற, பூத்தேன் குடிக்கும் குட்டிப் பறவையின் படம். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே ஹம்மிங்பேர்டே கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் அதற்கு எங்கே போவது?

கொய்யா மரத்தில் மாட்டினோம். நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சீனி. கூட வந்த சிவப்புப் பொடி குப்பைக்குப் போனது, சாயம் தேவையே இல்லை. பகலில் எறும்புதான் வந்தது. தேன்சிட்டு பக்கத்துத் தெச்சிப்பூவை விட்டு இந்தப் பக்கம் திரும்பவில்லை. இருட்டிய பிறகு வந்தது வவ்வால், நம் கொய்யாவையும் புன்னைக்காயையும் தின்னும் குறுமூக்குப் பழவவ்வால்.

அந்த ஹம்மிங்பேர்ட் எடை சுமார் 3 கிராம். வினாடிக்கு ஏறத்தாழ 50 தடவை சிறகடித்து அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், தட்டு அசையாது. நம் வவ்வால் சுமார் 40 கிராம் இருக்கும். அதற்கு எதையாவது பிடித்துத் தொங்க வேண்டும். பழத்தை மென்று சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்புகிற வாய்க்கு இந்தத் துளை எந்த மூலைக்கு? தட்டைப் பிடித்துத் தொங்கியதும் பாட்டில் ஆடியது, சீனித்தண்ணீர் கொட்டியது. விடிந்ததும் முற்றம் கழுவுகிற வேலை எனக்கு!

அரிசோனாவிலும் வவ்வால்கள் ராத்திரியில் இதே மாதிரிக் குடுவைகளைக் காலி செய்வதுண்டு. ஆனால் அவை வேறு இனம். நீள நாக்கு, ஒரு நொடி அந்தரத்தில் நிற்கவும் தெரியும். வவ்வால் என்றால் எல்லாம் ஒன்றல்ல. விற்றவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாம், படத்தில் இருக்கிற பறவை எந்த ஊர் என்றாவது பார்த்திருக்கலாம். திருப்பி எடுக்கக் கேட்டேன். 'பயன்படுத்திய பொருள்' என்று மறுத்துவிட்டார்கள்.

இரண்டு நட்சத்திரம், அதுவும் கண்ணாடி கனமாக இருப்பதற்கு. நம் மாவட்டத்தில் யாரும் இதற்குக் காசு போட வேண்டாம். வீட்டில் வாழை நின்றால், துவரன் பொரியலுக்கென்று பூக்கூம்பை உடனே வெட்டாமல் கொஞ்ச நாள் விட்டு வையுங்கள். பகலில் தேன்சிட்டு, ராத்திரியில் இதே வவ்வால், இரண்டுமே வரும். முற்றமும் ஒட்டாது.