குரோஸ் பாயின்ட், ஷேக்கர் ஹைட்ஸ்: இரண்டு பணக்காரப் புறநகர்கள், இரண்டு வழிகள்

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய குரோஸ் பாயின்ட், கிளீவ்லாந்து நகரை ஒட்டிய ஷேக்கர் ஹைட்ஸ். ஆரம்பத்தில் இரண்டுமே கறுப்பினத்தவருக்குக் கதவடைத்தவைதான்.

கறுப்பினத்தவர் போன்றோருக்கு விற்கக்கூடாது என்று இனத்தடை விதிக்கும் வீட்டுப் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோஸ் பாயின்ட் வேறு வழியில் தடுத்தது. தரகர்களும் வீட்டு உரிமையாளர் சங்கமும் துப்பறிவாளர்களை அனுப்பி, வாங்க வருபவரின் தோல் நிறம், உச்சரிப்பு, உடை, தொழில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். பொதுவாக 50 எடுத்தால் போதும். போலந்து வம்சாவளியினருக்கு 55, யூதர்களுக்கு 85. கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் மதிப்பெண்ணே கிடையாது, நேரடி மறுப்புதான். 1960இல் இது அம்பலமானது. ஆனால் 1974இல் மில்லிகன் வழக்கில், டெட்ராய்ட் பள்ளிகளின் இனப் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை (தனித்தனிப் பள்ளி நிர்வாகப் பகுதிகளை) இழுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. ஊர் எல்லையே மதிலாகிவிட்டது.

ஷேக்கர் ஹைட்ஸில் 1956இல் ஒரு கறுப்பின வழக்கறிஞர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. அடுத்த ஆண்டே லட்லோ பகுதியில் இரு இனத்தவரும் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். வெள்ளையர் பயந்து விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்க, புதிதாக வாங்க வரும் வெள்ளையருக்கு இரண்டாம் அடமானக் கடன் (முதல் வீட்டுக் கடனுக்கு மேல் அதே வீட்டின் பேரில் தரும் கடன்) கொடுத்தார்கள். சலுகை வெள்ளையருக்குப் போனது நியாயமில்லைதான்; ஆனாலும் அக்கம்பக்கம் கலந்தே நிலைத்தது, அதனால் இந்த வழியே மேல். பள்ளியில்தான் சிக்கல் மிஞ்சியது: ஒரே கட்டடம், ஆனால் கடினமான பாடங்களுக்கான தனி வகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளை மாணவர்களே இருந்தார்கள்.